வண்டுக்கட்டை

கிணற்றடி வாங்குப் பலகையில் கிடத்தியிருந்த பரமலிங்கத்தின் தலையைச் சிமியோன்தான் தாங்கிப் பிடித்திருந்தான். பிடரிக்குக் கீழே ஒரு கையைக் கொடுத்து, மற்றக் கையால் காதுக்குள் தண்ணீர் போகாமல் மறைத்துக்கொண்டு, காய்ச்சல் மாறிய ஒருவரை முழுகவார்ப்பது போல அவ்வளவு பக்குவமாகப் பிடித்திருந்தான். பக்கத்து வளவுப் பஞ்சலிங்கம் வாளியில் மொண்டு மொண்டு ஊற்றினார். வழிந்த தண்ணீர் செம்மண்ணில் வாய்க்காலாகி வாழையடிக்கு ஓடியது.

சீவரத்தினம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிட்டப் போனார்.

"விடும். நான் பிடிக்கிறன்."

சிமியோன் நிமிர்ந்தான். கண் இரண்டும் வீங்கியிருந்தன. "பாரமாக் கிடக்கும். உங்கடை முழங்கால்..."

"என்ரை முழங்காலை நான் பாப்பன். விடும்."

கை மாறும்போது தலை சட்டென்று ஒரு பக்கம் சரிந்தது. சிமியோனின் கை தன்னையறியாமல் மீண்டும் நீண்டு, பாதியில் நின்று, திரும்பிப் போயிற்று. அதைப் பஞ்சலிங்கமும் கண்டார். 'இவர் என்ரை கூடப்பிறந்த அண்ணை' என்று சொல்லச் சீவரத்தினத்துக்கு வாய் உன்னியது. அதைச் சொல்லிக் காட்டவேண்டிய நிலைமைக்கு வந்துவிட்டோமே என்று பட்டதும் வாயை மூடிக்கொண்டார்.

தலை அவர் நினைத்ததைவிடப் பாரமாகத்தான் இருந்தது. கடைசியாக எப்போது அண்ணையின் தலையைத் தொட்டோம் என்று யோசித்துப் பார்த்தார். ஞாபகம் வரவில்லை. பஞ்சலிங்கம் விரல்களைத் தேய்த்துக் கழுவினார். நகக் கண்ணுக்குள் மரத்தூள் போயிருந்தது. எவ்வளவு தேய்த்தும் வரவில்லை.

"காலமையும் தொளைச்சுக்கொண்டோ இருந்தவர்?" என்று கேட்டார் பஞ்சலிங்கம். கேள்வி சிமியோனைப் பார்த்துத்தான் போனது.

"ஓம். ஒரு கட்டை மிச்சமிருந்தது" என்றான் சிமியோன்.

காலையில் நடந்ததைச் சீவரத்தினம் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று காதால்தான் கேட்டார். பூசணிக்குப் பாத்தி திருத்திக்கொண்டிருந்தவருக்கு அண்ணை வளவிலிருந்து அண்ணியின் குரல் கேட்டது. அழுகைகூட இல்லை. "சிமியோன், சிமியோன்" என்று இரண்டு தரம். தன் பெயரை அல்ல. மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடினார். இரண்டு வளவுக்கும் நடுவில் வேலியில் வழி இல்லை. ஒழுங்கையால் சுற்றித்தான் போகவேண்டும். நோகிற காலை இழுத்துக்கொண்டு அவர் படலையைத் திறந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. கொடித்தோடைப் பந்தலின் கீழ் அண்ணை சரிந்து கிடக்க, சிமியோன் முழங்காலில் இருந்து கண்ணை மூடிவிட்டுக்கொண்டிருந்தான். மூடிவிட்டு, நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டான்.

அந்தக் கண்ணை மூடிவிடுவதற்குக்கூட ஒருவன் முந்திக்கொண்டான் என்பதுதான் சீவரத்தினத்துக்கு அந்த இடத்தில் முதலில் தோன்றியது. துக்கம் அதற்குப் பிறகுதான் வந்தது. அதுவும் முழுதாக வரவில்லை.

சிமியோன் குருநகர் ஆள். வள்ளம் கட்டுகிறவன். தொண்ணூறாம் ஆண்டு கோட்டைப் பக்கம் சண்டை தொடங்கிப் பீரங்கிச் செல் வந்து விழத் தொடங்கியபோது, மனைவி லூர்த்தம்மாவையும் ஒரு தச்சுப் பெட்டியையும் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு உரும்பிராய்க்கு வந்தான். கோயில் மண்டபத்தில் இடமில்லாமல் ஒழுங்கையில் நின்றவர்களைப் பரமலிங்கம்தான் கூட்டிக்கொண்டு வந்து, புகையிலை போடுகிற கொட்டிலை ஒதுக்கிக் கொடுத்தார். ஒரு மாதம், இரண்டு மாதம் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். மூன்று வருடம் போய்விட்டது.

இரங்கிக் கொட்டில் கொடுத்ததில் சீவரத்தினத்துக்கு ஒரு குறையும் இல்லை. அவரும்தான் ஒரு சாக்கு மரவள்ளிக் கிழங்கு கொண்டுபோய்க் கொடுத்தார். ஆனால் வந்து ஒரு கிழமையிலேயே சிமியோன் பரமலிங்கத்தை 'அண்ணை' என்று கூப்பிடத் தொடங்கினான். ஊரில் வயதுக்கு மூத்த எவரையும் எவரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். இவருக்கும் அது தெரியும். தெரிந்தும், வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து "அண்ணை, இஞ்சை வந்து பாருங்கோ" என்று அந்தக் கடற்கரைக் குரல் கேட்கும்போதெல்லாம் கையிலிருந்த வேலை தானாக நின்றுவிடும்.

பிறகு துலா வந்தது. மண்ணெண்ணெய் இல்லாமல் தண்ணீர் இறைக்கிற மெசின்கள் எல்லாம் சாக்கு மூடிக் கிடந்த காலம். ஊரில் ஒவ்வொரு கிணற்றிலும் பழையபடி துலா மரத்தை ஏற்றமாகக் கட்டினார்கள். இளந்தாரிகளாய் இருந்தபோது அந்த வளவுத் தோட்டம் முழுவதும் அண்ணனும் தம்பியும் இறைத்த தண்ணீரில்தான் விளைந்தது. பரமலிங்கம் கீழே நின்று தண்ணீர் மொள்ளும் பட்டையைப் பிடிப்பார். சீவரத்தினம் மேலே துலாவில் நடப்பார். ஒருவர் மூச்சு மற்றவருக்குக் கேட்கும். அண்ணை கையைத் தளர்த்தினால் காலடியில் தெரியும். ஒரு வார்த்தை பேசாமல் விடியப்புறம் தொடங்கி வெயில் ஏறும்வரை இறைப்பார்கள். இப்போது அண்ணை வளவில் துலா ஏறுகிறது என்று அறிந்ததும் சீவரத்தினம் அன்று தோட்டத்துக்குப் போகாமல் வீட்டோடேயே நின்றார். கூப்பிடுவார் என்று காத்திருந்தார். வேலிக்கு மேலால் பார்த்தபோது துலாவில் சிமியோன் நடந்துகொண்டிருந்தான். பாய்மரத்தில் ஏறிப் பழகிய கால். பிடிக்கிற கயிற்றைத் தொடாமலே நடந்தான். கீழே நின்ற அண்ணை தலையை நிமிர்த்தி எதையோ சொல்ல, இருவரும் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்புச் சத்தம் அன்றைக்கு முழுவதும் சீவரத்தினத்தின் காதுக்குள் நின்றது.

அதற்குப் பிறகுதான் இந்த வண்டுக் கூத்துத் தொடங்கியது. மருந்தடிப்பு நின்றுபோன காலம் அது. பொருளாதாரத் தடைக்குப் பிறகு பூச்சி மருந்து ஒரு போத்தல்கூட ஊருக்குள் வருவதில்லை. ஒரு வருடம் போக, எங்கேயோ போயிருந்த கருவண்டுகள் திரும்பி வந்தன. பெருவிரல் பருமனில், நீலம் பளபளக்கும் சிறகோடு, குசினி வளைமரத்தைக் குடையத் தொடங்கின. அண்ணி பத்மாவதி சுடுதண்ணீர் ஊற்றச் சொன்னா. பரமலிங்கம் கேட்கவில்லை. தன் கொடித்தோடை பந்தல் நிறையப் பூத்தும் ஒரு காய் பிடிக்காமல் கிடப்பது ஏன் என்று அவருக்கு அப்போதுதான் விளங்கியிருந்தது. அந்தப் பூவுக்கு இந்த வண்டுதான் வேண்டும். சின்னத் தேனீயின் முதுகு மகரந்தத்துக்கு எட்டாது. வளைமரத்துக்குப் பதிலாக அதற்கு வேறு வீடு கொடுத்தால் போகிறது என்றார்.

வீடு கட்டினார். பட்ட முருங்கைக் கட்டையையும் பூவரசங் கட்டையையும் ஆளுயரத்துக்குத் தறித்து நிலத்தில் நட்டு, சிமியோனின் துறப்பணத்தால் தொடக்கத்துக்கு ஒரு விரல் ஆழம் தொளைத்துவிட்டால், மிச்சத்தை வண்டு தானே குடைந்துகொண்டது. மூங்கில் துண்டுகளையும் காய்ந்த பப்பாசிக் குழல்களையும் கட்டாகக் கட்டிப் பந்தற்காலில் தொங்கவிட்டால், ரோசா இலையை வட்டவட்டமாக நறுக்கிக்கொண்டு வந்து அடைக்கிற சின்னத் தேனீக்கள் அதில் குடியிருந்தன. எல்லாவற்றுக்கும் மேலே மழை படாமல் தென்னோலைக் கிடுகு. இவை கூட்டமாக இருக்கிற சாதி இல்லை. ஒவ்வொன்றும் தன் பாட்டுக்குத் தனித்தனியாய் ஒரு துவாரத்தில் குஞ்சு வளர்க்கும். ஒரு சொட்டுத் தேன் எடுக்கேலாது.

"சனம் இருக்க வீடில்லாமல் கோயில் மண்டபத்திலை படுக்குது. இவர் தேனில்லாத தேனீக்கு வீடு கட்டுறார்" என்று சீவரத்தினம் சந்தியில் நின்று சொல்லிச் சிரித்திருக்கிறார். அது அண்ணையின் காதுக்கும் போயிருக்கும்.

பின்னேரங்களில் இருவரும் அந்தக் கட்டைகளுக்கு முன்னால் குந்தியிருப்பார்கள். என்ன கதைப்பார்களோ தெரியாது. சில நாட்களில் கதையே இருக்காது. வேலிக்கு இந்தப் பக்கம் நின்ற சீவரத்தினத்துக்கு அந்தச் சத்தமில்லாத இருப்புத்தான் கதையைவிடக் கூடுதலாகச் சுட்டது.

உடம்பைத் துடைத்துப் பட்டு வேட்டி உடுத்திக் கூடத்தில் கொண்டுபோய்க் கிடத்தினார்கள். பறை தொடங்கியது. பெண்கள் வந்து வந்து அண்ணியைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். ஒரே மகன் ஜெர்மனியில். அவனுக்குச் சேதி போய்ச் சேரவே நாட்கள் எடுக்கும். கொள்ளி வைக்கப்போவது சீவரத்தினம்தான்; அதில் யாருக்கும் பேச்சில்லை. மொட்டையடித்து, ஈர வேட்டியோடு முற்றத்து மூலையில் நின்றவருக்கு எதிரே, வாழைக் குட்டியை வெட்டிக்கொண்டு நின்றான் சிமியோன். கேட்கக்கூடாது என்றுதான் நினைத்தார். கால் தானாகப் போனது.

"காலமை..." என்று தொடங்கினார். "விழுகிறதுக்கு முதல் ஏதும் சொன்னவரோ?"

சிமியோன் கத்தியைக் கீழே வைத்தான். "பெரிசா ஒண்டுமில்லை. ஒரு வண்டு புதுக் கட்டைக்கு முன்னாலை வந்து, உள்ளுக்குப் போகாமல் நிண்டு நிண்டு பாத்தது. 'உவளுக்கு எங்களிலை நம்பிக்கையில்லை, பாத்தியோ' எண்டு சொல்லிச் சிரிச்சவர். சிரிச்சாப்போலை அப்பிடியே..."

சீவரத்தினம் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பினார். கடைசிச் சிரிப்பு. அதுவும் அங்கேதான் செலவாகியிருக்கிறது.

மதியம் திரும்புகிற நேரம் படலையடியில் கசமுசா என்றது. பஞ்சலிங்கம் வியர்த்து வழிந்துகொண்டு வந்தார்.

"விறகு வண்டில் வராது போலை கிடக்கு. கோப்பாய்ப் பக்கம் ஹெலி சுத்திச் சுடுதாம். வண்டில்காரன் மாட்டை அவிட்டு மரத்துக்குக் கீழை கட்டிப்போட்டு நிக்கிறானாம்."

"அப்ப நாளைக்கு வைப்பமோ?" என்றார் யாரோ.

"நாளைக்கு என்ன நடக்குமெண்டு ஆருக்குத் தெரியும்? இப்ப சனம் வந்திருக்கு. ஹெலி இஞ்சாலை திரும்பிறதுக்குள்ளை கொண்டுபோய் முடிச்சிட வேணும்." பஞ்சலிங்கம் சுற்றிப் பார்த்தார். "ஆரார் வீட்டிலை என்ன கிடக்கோ எல்லாம் எடுப்பம். எங்கடை வீட்டிலை கொஞ்சம் பனம்பாதி கிடக்கு. அது காணாது. பாரக் கட்டை நாலைஞ்சு வேணும்."

அந்தக் காலத்தில் விறகு என்பது வீட்டுக்கு வீடு பூட்டி வைக்கிற சாமான். ஊருக்குள் நின்ற பனைகள் பதுங்குகுழிக்கு மரமாகப் போய்விட்டன. மிச்சம் எல்லாம் அடுப்புக்குப் போயிற்று. ஆட்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

சீவரத்தினம் வீட்டுக் கோடியில் மாங்கட்டை அடுக்கிக் கிடந்தது. சென்ற மாரிக் காற்றில் முறிந்த பெருங்கொப்பு. மனைவி நாகேஸ்வரி அதில் ஒன்றைக்கூடத் தொடவிடாமல் மாரிக்கென்று ஓலை போட்டு மூடி வைத்திருந்தாள். அதைச் சொல்வதற்குத்தான் அவர் வாயைத் திறந்தார். அந்த நேரம் வேலிக்கரையில் சிமியோன் நிற்பதைக் கண்டார். வரிசையாக நட்டிருந்த வண்டுக்கட்டைகளில் ஒன்றின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, மாட்டின் கழுத்தைத் தடவுகிறவன் போல நின்றான். சொந்தக்காரன் மாதிரி.

"உந்தா, உதிலை நிக்குதுதானே காய்ஞ்ச கட்டை" என்றார் சீவரத்தினம்.

பஞ்சலிங்கம் திரும்பிப் பார்த்தார். "உதோ? உது கொண்ணையின்ரை வண்டுக்கட்டை எல்லே?"

"அவற்றை சாமான்தானே. அவரோடை போகட்டும்."

சிமியோன் இரண்டு அடி முன்னால் வந்தான். "இல்லை, உள்ளுக்குக் குஞ்சு கிடக்குது. மாசி முடிய எல்லாம் பறந்திடும். இப்ப நெருப்பிலை வைச்சா... நான் எங்கையெண்டாலும் ஓடிப்போய் விறகு பாத்துக்கொண்டு வாறன். கொஞ்ச நேரம் பொறுங்கோ."

"உம்மட்டை ஆர் கேட்டது?"

சத்தம் தானே எதிர்பாராத அளவுக்குப் பெரிதாக வந்துவிட்டது. படலையடியில் பறை ஒரு அடி தவறி நின்று, பிறகு மெல்லத் தொடங்கியது. சிமியோனின் முகம் வெளிறிப்போனது. விலகி நின்றான். அவன் கோபித்திருந்தால், ஒரு சொல் எதிர்த்துச் சொல்லியிருந்தால், சீவரத்தினத்துக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

இரண்டு இளந்தாரிகள் முதற்கட்டையை ஆட்டி அசைத்துப் பிடுங்கினார்கள். நிலத்தில் கிடத்தி அடியில் ஒரு கொத்துக் கொத்தினான் ஒருவன். அடுத்த கொத்து நடுவில் விழுந்ததும், உள்ளே கோறையாகியிருந்த கட்டை நார்வாக்கில் இரண்டாகப் பிளந்து மல்லாந்தது.

கோடரி பிடித்தவன் அப்படியே நின்றான். ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். குழல் போல நீண்ட துவாரம். அதற்குள் மரத்தூளால் சுவர் வைத்து அறை அறையாகப் பிரித்திருந்தது. ஒவ்வொரு அறையிலும் மஞ்சளாய் ஒரு மகரந்த உருண்டை. அதன்மேல் வெள்ளைப் புழு. கடைசி அறையில் காலையும் சிறகையும் மடக்கிக்கொண்டு, நிறம் ஏறாத ஒரு முழு வண்டு. வாசலடியில் கரிய பெரிய வண்டு ஒன்று இருந்தது. தாயாக இருக்கவேண்டும். வெளிச்சம் பட்டதும் விர்ர் என்று இரைந்தது. பறந்து போகவில்லை. உடைந்த வாசலைத் தன் உடம்பால் அடைப்பது போல அங்கேயே திரும்பி இருந்தது.

"கட்டின வீடு மாதிரியெல்லே கிடக்கு" என்றார் யாரோ, சத்தம் குறைத்து.

"ரத்தினம்."

அண்ணி குசினிப் படியில் நின்றா. தலை குலைந்து, ஒருத்தியின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றா. அவரைச் சுருக்கி 'ரத்தினம்' என்று கூப்பிட இனி இந்த உலகத்தில் அவ ஒருத்திதான்.

"அதை வெட்டவிடாதை. அது உனக்கு வைச்சது."

"எனக்கோ?"

"வேலிக்கரையிலை நிக்கிறது முழுக்க உனக்குத்தான். முந்தின வருசம் உன்ரை பூசணிப் பிஞ்செல்லாம் வெம்பி வெம்பி விழுந்ததெல்லே. அதைப் பாத்துப்போட்டு மூண்டு நாளாச் சாப்பாட்டிலை மனமில்லாமல் திரிஞ்சவர். பிறகு சிமியோனைக் கொண்டு தொளைப்பிச்சு, வாயை உன்ரை பக்கம் திருப்பி நட்டவர். எங்கடை பக்கம் பாத்து ஒரு தொளைகூட இல்லை. நீயே பார்."

சீவரத்தினம் பார்த்தார். நின்றுகொண்டிருந்த கட்டைகளின் இந்தப் பக்கம் மழமழவென்று இருந்தது. வாசல்கள் எல்லாம் வேலியை நோக்கித்தான். அந்த உயரத்துக்கு நேரே வேலிக் கிடுகு ஒரு சாண் அகலத்துக்கு நீளமாக நறுக்கப்பட்டிருந்தது. அந்த வெட்டை அவர் தன் பக்கத்திலிருந்து எத்தனையோ தரம் கண்டிருக்கிறார். பஞ்சலிங்கத்தின் ஆடு கடித்தது என்று நினைத்து இரண்டு நாள் சண்டையும் பிடித்தவர்.

"எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லையே" என்றார்.

"சொன்னா நீ பிடுங்கி எறிஞ்சிருப்பாய்" என்றா அண்ணி. குரலில் கோபம் இல்லை.

போன வருடம் அவர் வளவில் பூசணி மிதிக்க இடமில்லாமல் காய்த்தது. வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். வேலிக்கு மேலால் அண்ணைக்கும் ஒன்றைத் தூக்கிக் காட்டி, "பாத்தியளே, என்ரை எருவின்ரை குணம்" என்றார். அண்ணை, "ஓம், நல்ல எரு" என்றார். பக்கத்தில் நின்ற சிமியோன் உடனே குனிந்து காலில் எதையோ தட்டிவிட்டான். ஏன் குனிந்தான் என்று இப்போது விளங்கியது. மூன்று வருடமாக அண்ணைக்குத் தன்மேல் என்ன இருந்தது என்பது அவனுக்குத் தெரிந்திருக்கிறது. அதைத் தொளைத்தது அவன் கை. அதை ஊன்றி மண் இறுக்கியது அவன் கால். தனக்கென்று இருந்ததுகூட முதலில் அவனிடம் போய், அவன் கையால்தான் வேலிக்கரைக்கு வந்திருக்கிறது.

முகத்தைத் துடைத்துக்கொண்டார். துடைக்க ஒன்றும் இருக்கவில்லை.

"என்ரை கோடியிலை மாங்கட்டை கிடக்கு" என்று பஞ்சலிங்கத்திடம் சொன்னார். "ஒழுங்கையாலை சுத்தாதேங்கோ. வேலியை வெட்டிப்போட்டு எடுங்கோ."

பெண்களுக்குள் நின்ற நாகேஸ்வரி நிமிர்ந்து புருசனைப் பார்த்தாள். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, ஓலையை விலக்கிக் கொடுக்கத் தானே முன்னால் போனாள்.

ஆட்கள் அந்தப் பக்கம் கலைந்ததும் சிமியோன் பிளந்த கட்டைக்குப் பக்கத்தில் குந்தினான். இரண்டு பாதியையும் எடுத்து, அறைச் சுவர்கள் இடியாமல் மெல்லப் பொருத்தினான். தலையில் கட்டியிருந்த துவாயை அவிழ்த்து அதைச் சுற்றிக் கட்டினான். கட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தன் கொட்டிலுக்குள் போனான். சீவரத்தினத்தை ஒருதரமும் பார்க்கவில்லை.

பின்னேரம் பாடை எடுத்தார்கள். தூக்குகிறவர்களுக்குள் சிமியோனும் ஒருவன். தலைப்பக்கம், வலது தோள். அவனை அந்த இடத்தில் விட்டது பஞ்சலிங்கம்தான். நெருப்புச் சட்டியோடு முன்னால் நடந்த சீவரத்தினம் பின்னால் திரும்பிப் பார்க்கக்கூடாது. முறை அப்படி. கொள்ளி வைக்கிறவனுக்குப் பாடை தூக்க இடமில்லை. யாருக்கும் கிடைக்காத உரிமையைக் கையில் சட்டியாக ஏந்திக்கொண்டு போனவருக்கு, அந்த வலது தோளின் நினைப்புத்தான் சுடலைவரை கூடவே வந்தது. தூரத்தில் ஹெலியின் சத்தம் ஒருதரம் கிட்ட வந்து, கூட்டம் பனைகளுக்குக் கீழே ஒதுங்கி, பிறகு தேய்ந்துபோயிற்று. ஒதுங்கிய நேரத்திலும் பாடையை நிலத்தில் வைக்கவில்லை என்று பிறகு பஞ்சலிங்கம் சொன்னார்.

மாங்கட்டை நன்றாக எரிந்தது.

மறுநாள் காலை காடாற்றுக்குப் போய்ச் சாம்பல் அள்ளிக் கீரிமலைக் கடலில் கரைக்கவென்று முட்டியில் கட்டிவைத்துவிட்டு வந்தபோது வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. முழுகிவிட்டு, திருநீறு பூசிக்கொண்டு, சட்டை போடாமல் சீவரத்தினம் தன் தோட்டத்துக்குள் இறங்கினார். எட்டாம் நாள் செலவு முடியும்வரை வேலை செய்யக்கூடாது. சும்மாதான் போனார். பூசணிப் பூக்கள் மஞ்சளாய் விரிந்து கிடந்தன. வெட்டிய வேலி வெட்டியபடியே இருந்தது. அதற்குள்ளால் அண்ணை வளவுக்குள் போனார்.

வண்டுக்கட்டைகள் வரிசையாய் நின்றன. நடுவில் ஒன்று நின்ற இடத்தில் செம்மண்ணில் ஒரு குழி. கிட்டப் போனபோதுதான் அந்த இரைச்சல் கேட்டது. குழிக்கு மேலே, ஆளின் மார்பு உயரத்தில், நாலைந்து கருவண்டுகள் வெறும் வெளியில் நின்று பறந்துகொண்டிருந்தன. ஒன்று வந்து முகத்தை நேரே வைத்துக்கொண்டு அந்தரத்தில் நிற்கும். ஒன்றுமில்லாத காற்றை ஒருதரம் முட்டிப் பார்க்கும். பக்கவாட்டில் அசைந்து, விலகிப் போய், பந்தலைச் சுற்றி வந்து, மறுபடி அதே இடத்துக்கு நேரே வந்து நிற்கும். பக்கத்தில் நின்ற கட்டைகளில் ஒன்றிலும் அவை இறங்கவில்லை. நேற்று முழுக்க இப்படித்தான் நின்றிருக்குமோ என்று நினைத்தார்.

இன்னும் கிட்டப் பார்ப்பதற்காக ஓர் அடி வைத்தார். கால் குழிக்குள் இறங்கியது. நோகிற காலை நேராக்கி நிமிர்ந்தபோது கட்டை நின்ற இடத்தில் அவர் நின்றார்.

வண்டுகள் போகவில்லை. முதலில் சிதறி, பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பி வந்து அவருடைய மார்புக்கு நேரே நின்றன. சிறகுக் காற்று ஈரம் காயாத உடம்பில் பட்டது. சின்ன வயதிலிருந்தே அவருக்கு இந்த வண்டு என்றால் பயம். மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கொட்டில் பக்கமிருந்து சிமியோன் வந்தான். தோளில் அந்தக் கட்டை. பிளவை வள்ளக் கயிற்றால் இறுக்கி, கீறலுக்கு மெழுகு பூசி, அடியைப் புதிதாகச் சீவியிருந்தான். அவரைக் கண்டதும் தயங்கி நின்றான். பிறகு மெல்லச் சொன்னான்:

"கொஞ்சம் விலத்துங்கோ. நட்டுவிடுவம். பாவம், தேடுதுகள்."

சீவரத்தினம் விலகவில்லை. ஒரு வண்டு அவருடைய நெஞ்சில், திருநீற்றுக் குறிக்குக் கீழே வந்து இறங்கியது. கால்கள் சொரசொரத்தன. கொஞ்சத் தூரம் மேலே ஊர்ந்தது, நின்றது, அங்கே எதையோ தேடுவது போலத் திரும்பியது.

"கொஞ்சம் நில்லும்" என்றார்.

சிமியோன் கட்டையைத் தோளிலிருந்து இறக்கி, நிலத்தில் ஊன்றிப் பிடித்துக்கொண்டு நின்றான்.